கொல்லைக்கு ஓர் ஏர் ரைபிள்: தூரத்தை அளந்த பிறகு வாங்கியது

2018 நவம்பர் 16 அன்று விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கொல்லையில் நின்ற தென்னைகளில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன. அடுத்த ஆண்டு அதே வரிசையில் புதிய கன்றுகளை வைத்தோம். கன்றுகளுக்கு இரண்டு வயது ஆகியிருந்த சமயத்தில், ஒரு நாள் காலை, பச்சை மாறாமல் நின்ற ஒரு கன்றின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தேன். அது சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. தூரைச் சுற்றி மண்ணைக் கிளறியபோது, என் கை முழங்கை வரை நுழையும் அகலத்தில் ஒரு வளை கன்றின் அடிப்பகுதிக்கு நேராகப் போயிருந்தது. உள்ளே இருந்த வெள்ளைச் சதை முழுவதையும் பெருச்சாளி தின்று தீர்த்திருந்தது. அந்த மாதத்தில் மட்டும் நான்கு கன்றுகளை இழந்தோம். கோழிக்கூட்டில் முட்டைகளும் காணாமல் போகத் தொடங்கின.

நான் முதலில் துப்பாக்கியைத் தேடிப் போகவில்லை. இரும்புப் பொறி வைத்தேன். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டியை, அதை வைப்பதில் பழகியவரை அழைத்து வந்து வளை வாயில்களில் வைக்கச் சொன்னேன். கிட்டியில் வயல் எலிகள் நிறையச் சிக்கின. இரண்டு பெருச்சாளிகளும் சிக்கின. அதற்குப் பிறகு மிச்சமிருந்தவை கிட்டி இருக்கும் வளையை விட்டுவிட்டு வேறு வாய் தோண்டிக்கொண்டன. விஷம் வைக்கலாமா என்று யோசித்தபோது பக்கத்துக் கொல்லைச் சித்தப்பா தடுத்துவிட்டார். "தம்பி, விஷம் மட்டும் வைக்காத. பனையில கூகை இருக்கு. நீ விஷம் வச்ச எலியத்தான் அது தூக்கிட்டுப் போகும்" என்றார். அவர் சொன்னது சரியே. புரோமடியோலோன் போன்ற மருந்துகள் எலியை உடனே கொல்வதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும் அந்த எலியைக் கூகையோ சாரைப்பாம்போ வீட்டு நாயோ தின்றால் மருந்து அவற்றின் உடலிலும் சேர்கிறது. ஓர் எலியைக் கொல்லப் போய், ஆண்டு முழுவதும் எலி பிடிக்கும் பறவையை இழப்பதற்கு எனக்கு மனமில்லை. அதனால்தான், பொறிக்கும் கிட்டிக்கும் தப்பிய சில பெருச்சாளிகளுக்காக மட்டும், காற்றின் அழுத்தத்தில் குண்டைச் செலுத்தும் ஓர் ஏர் ரைபிள் வாங்குவது என்று முடிவு செய்தேன். அதில் முதல் முறை தவறாக வாங்கினேன். இரண்டாம் முறை சரியாக வாங்கினேன். இரண்டுக்கும் இடையில் கற்றதை, இதே தேவையோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம் நாட்டில் எதை வாங்கலாம் என்பதைப் பாதிக்கு மேல் அதுவே தீர்மானித்துவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டியவற்றுக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் எலிக்கும் முயலுக்கும் பரிந்துரைக்கப்படும் 5.5 மி.மீ. ரகங்கள் இதனால் நமக்கு இல்லை. அதைப் பற்றி வருந்தவும் வேண்டியதில்லை. கடையில் என் அடையாள அட்டையின் நகலையும் முகவரிச் சான்றையும் வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். எந்தச் சான்றும் கேட்காமல் கொடுக்க முன்வரும் இடத்தில் வாங்காதீர்கள்.

எதைச் சுடலாம் என்பது இன்னும் முக்கியமான கேள்வி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. காகம், பழந்தின்னி வௌவால், எலி ஆகியவை அதில் தீங்குயிர்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. 2022இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. ஆகவே பழைய குறிப்புகளை நம்பிக் காகத்தையோ வௌவாலையோ குறி வைப்பது கூடாது. எலியைப் பற்றிய இன்றைய நிலையையும் வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மயில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. நெல்லைத் தின்றாலும் அதன் பக்கம் குழலைத் திருப்பக் கூடாது. கொய்யாவைக் கடிக்கும் அணிலையும் கிளியையும் வலை போட்டுத் தடுக்கலாம், சுடக் கூடாது. தெருநாயைச் சுடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அருணாசலப் பிரதேசத்தில் காட்டுப் பறவைகளும் சிறு விலங்குகளும் ஏர்கன்னால் அழிவதைக் கண்டு, 2021இல் அம்மாநில அரசு மக்கள் தாமாக முன்வந்து ஏர்கன்களை ஒப்படைக்கும் இயக்கத்தைத் தொடங்கியது, பலர் ஒப்படைத்தார்கள். உரிமம் தேவைப்படாத கருவி என்பதாலேயே அதைப் பொறுப்பில்லாமல் பயன்படுத்துவோர் எங்கும் உண்டு. என் கொல்லையில் அதன் வேலை பெருச்சாளியும் வீட்டு எலியும் மட்டுமே.

இனி, முதல் தவறு. அந்த முறை நான் கடைக்குப் போனபோது என் கையில் பணம் இருந்தது, கேள்வி எதுவும் இல்லை. விற்பவர் ஒரு ரைபிளை எடுத்து வைத்து, "சார், ஆயிரம் எஃப்.பி.எஸ். சார். இதுக்கு மேல வேற என்ன வேணும்?" என்றார். எஃப்.பி.எஸ். என்பது குண்டு நொடிக்கு எத்தனை அடி பாயும் என்ற கணக்கு. வேகம் அதிகமாக இருந்தால் நல்லது என்று நானும் நம்பி வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பத்து மீட்டரில் ஒரு தாளை ஒட்டிச் சுட்டபோது ஐந்து குண்டுகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் இரவு, கோழிக்கூட்டின் ஓரத்தில் வந்த பெருச்சாளியைச் சுட்டேன். தலைக்கு வைத்த குறி பின்தொடையில் விழுந்தது. அது கத்திக்கொண்டு வேலிக்குள் ஓடியது. டார்ச்சை வைத்து வெகு நேரம் தேடியும் கிடைக்கவில்லை. எங்கோ ஒரு வளைக்குள் அது இரண்டு நாள் வலியில் கிடந்து செத்திருக்கும் என்ற எண்ணம் என்னை உறங்க விடவில்லை. தொல்லை கொடுக்கும் உயிரைக் கொல்வதற்கு நமக்குக் காரணம் இருக்கலாம், ஆனால் அதை வதைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அன்று முதல் எனக்குத் துல்லியம் என்பது பெருமைக்குரிய விஷயமாக இல்லாமல், சுடுவதற்கான நிபந்தனையாக ஆகிவிட்டது.

அந்த ஆயிரம் என்ற எண்ணை நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் எஃப்.பி.எஸ். என்பது நொடிக்கு ஏறத்தாழ 305 மீட்டர். 4.5 மி.மீ. குழலுக்குரிய நல்ல ஈயக் குண்டு ஒன்றின் எடை 8.4 கிரெய்ன், அதாவது சுமார் 0.55 கிராம். இந்த எடையை அந்த வேகத்தில் செலுத்தினால் ஆற்றல் 25 ஜூலைத் தாண்டிவிடும். சட்டம் அனுமதிப்பதோ 20. அந்த வரம்புக்குள் 0.55 கிராம் குண்டு நொடிக்கு 270 மீட்டரைத் தாண்ட முடியாது. ஆக, உரிமம் வேண்டாத ரைபிளின் பெட்டியில் ஆயிரம் என்று எழுதியிருந்தால், அது மிக இலேசான குண்டைப் போட்டு அளந்த எண்ணாக இருக்க வேண்டும், அல்லது வெறும் விளம்பரமாக இருக்க வேண்டும். அத்தகைய இலேசான குண்டு விரைவில் வேகம் இழக்கும், காற்றில் விலகும். ஒலியின் வேகமான 340 மீட்டரை நெருங்க நெருங்க ஏர் ரைபிள் குண்டு நிலை தடுமாறுவதும் உண்டு.

வேகத்துக்கும் துல்லியத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை உறுதியாகக் காட்டுவது பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் பெற்றதும் அதில்தான். அந்தப் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அதைத் திரும்பத் திரும்ப அடிக்கும் அந்த ரைபிள்களின் ஆற்றல் பொதுவாக 7.5 ஜூல் அளவிலேயே இருக்கும். கொல்லைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல் வேண்டும் என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் உரிமமின்றி அனுமதிக்கப்படும் 16 ஜூலுக்குள் முயலையே வீழ்த்துகிறார்கள். பதினைந்து மீட்டருக்குள் வரும் பெருச்சாளிக்கு, குறி தவறாமல் இருந்தால், பத்து பன்னிரண்டு ஜூல் தாராளம்.

அதனால் இரண்டாம் முறை நான் முதலில் எடுத்தது அளவு நாடா. அடுக்களைத் திண்ணையில் நான் உட்காரும் இடத்திலிருந்து கோழிக்கூட்டு மூலை வரை பதினொன்றரை மீட்டர். கிணற்றடி மண்மேடு வரை பதினான்கு மீட்டர். வேலி இருபத்திரண்டு மீட்டர். வேலிக்கு அப்பால் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகை இருப்பதால் அந்தப் பக்கம் சுடவே கூடாது. மிஞ்சியது பதினைந்து மீட்டர்தான். என் வேலை பதினைந்து மீட்டரில் முடிகிறது என்று தெரிந்தவுடன், முப்பது ஐம்பது மீட்டர் என்று பேசும் விலை உயர்ந்த ரைபிள்கள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. சிக்கனமாக வாங்க நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனையும் இதுதான்: உங்கள் கொல்லையை நாடாவால் அளந்து, சுடத் தகுந்த திசைகளைக் குறித்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள்.

இயங்கும் முறையில் நான்கு வகைகள் கிடைக்கின்றன. குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தும் வகை. ஸ்பிரிங்குக்குப் பதிலாக அடைத்த வாயு உருளை இருக்கும் கேஸ் ராம் வகை. 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் பி.சி.பி. வகை, சிறு கார்பன்டை ஆக்சைடு உருளையில் இயங்கும் வகை. இந்திய நிறுவனமான பிரிசிஹோல் முதல் மூன்றையும் செய்கிறது, எஸ்.எக்ஸ். வரிசை ஸ்பிரிங், என்.எக்ஸ். வரிசை கேஸ் ராம், பி.எக்ஸ். வரிசை பி.சி.பி. இவை தவிர, ஜெர்மனியின் டயானா 35 மாதிரியை ஒட்டிப் பல பட்டறைகள் நெடுங்காலமாகச் செய்துவரும் ஸ்பிரிங் ரைபிள்களும் உண்டு. அவற்றில் நல்லதும் இருக்கும், மோசமானதும் இருக்கும், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கார்பன்டை ஆக்சைடு வகையை நம் வெயிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும். 31 டிகிரி செல்சியசுக்கு மேல் அது உருளைக்குள் திரவமாகவே நிற்காது. சித்திரை மாதத்துப் பகலில் சரிப்படுத்திய குறி மார்கழி இரவில் வேறு இடத்தில் விழும். பி.சி.பி. வகை உதைப்பே இல்லாமல் சுடும், புதியவர் கையிலும் துல்லியமாக இருக்கும். பணம் இருப்பவருக்கு அதுவே நல்லது. ஆனால் ரைபிளோடு உயர் அழுத்தக் கைப்பம்பையும் சேர்த்து வாங்க வேண்டும். காற்றை அடைத்து வைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கசிந்தால் எங்கள் ஊரில் சரிசெய்ய ஆள் இல்லை. கேஸ் ராம், ஏற்றி வைத்த நிலையில் சிறிது நேரம் காத்திருந்தாலும் தளராது. பெருச்சாளிக்காக அரை மணி நேரம் அசையாமல் உட்காருபவருக்கு அது ஒரு வசதி. ஆனால் வாயு கசிந்துவிட்டால் உருளையையே மாற்ற வேண்டும். ஸ்பிரிங் ஒடிந்தால் முந்நூறு நானூறு ரூபாயில் மாற்றிவிடலாம். பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற வரம்பு எனக்கு இருந்ததால், நடுத்தர ஆற்றலுள்ள உள்நாட்டு ஸ்பிரிங் ரைபிளையே எடுத்தேன். நடுத்தரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்பிரிங் வகையில் ஆற்றல் கூடக் கூட உதைப்பும் கூடுகிறது, குறி கெடுவதும் கூடுகிறது.

கடையில் நான் பார்த்தவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மடக்கும் குழல் ஒவ்வொரு முறை திரும்பி மூடும்போதும் அதே இடத்தில் உட்கார வேண்டும். துல்லியத்தின் பெரும்பகுதி அந்த ஒரு மூட்டில் இருக்கிறது. மூடிய நிலையில் பின்கட்டையைத் தொடை மேல் வைத்து, குழலின் நுனியைப் பிடித்து இடவலமாக அசைத்தேன். முதல் ரைபிளில் மெல்லிய 'டக்' என்ற ஆட்டம் இருந்தது. வாங்கும்போது அதை நான் பார்க்கவில்லை. புதிய கடையில் காட்டிய மூன்றில் ஒன்று அப்படியே ஆடியது, அதை ஒதுக்கினேன். அடுத்து, குழலைத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். உள்ளே சுருளாக வரிகள் ஓட வேண்டும். அந்த ரைபிளிங்தான் குண்டைச் சுழற்றி நேராகப் போக வைக்கிறது. மலிவான சிலவற்றில் குழல் வழவழவென்று இருக்கும். அவற்றைப் பொம்மை என்றே கொள்ள வேண்டும். குழலின் வாய் விளிம்பில் பிசிறோ நசுங்கலோ இருந்தாலும் குண்டு விலகும். சுண்டுவிரல் நகத்தை விளிம்பைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியை மாட்டும் தண்டவாளத்தில் பின்பக்கம் தடுப்பு ஆணிக்குத் துளை இருக்கிறதா என்று பார்த்தேன். ஸ்பிரிங் ரைபிளின் உதைப்பில் ஸ்கோப் மெல்லப் பின்னால் நகர்ந்துவிடும், அந்த ஆணிதான் அதை நிறுத்துகிறது.

விசையை, அதாவது விரலால் இழுக்கும் டிரிகரை, பற்றித் தனியே சொல்ல வேண்டும். விசையை இழுக்கும்போது முதலில் இலேசாக நகர்ந்து, பிறகு ஒரு சுவரில் முட்டியது போல் நின்று, அங்கிருந்து சற்றே அழுத்தினால் சட்டென விடுபட வேண்டும். அந்தச் சுவர் எங்கே என்று விரலுக்குத் தெரிந்தால்தான் மூச்சைப் பிடித்துக் குறியை நிறுத்தி விடுவிக்க முடியும். கரகரவென்று நீளமாக இழுபடும் விசை, ரைபிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடைசி நொடியில் குறியைக் கலைத்துவிடும். குண்டு போடாமல் ஸ்பிரிங் ரைபிளை விடுவிக்கக் கூடாது, பிஸ்டன் வெற்றறையில் மோதிச் சேதமாகும். ஆகவே கடையின் பின்புறம் மணல் பெட்டியில் ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். அனுமதித்தார்கள், அந்த ஐந்தில் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

ரைபிளுக்கு இவ்வளவு யோசிப்பவர்கள் பெல்லட்டுக்கு, அதாவது அதில் போடும் ஈயக் குண்டுக்கு, யோசிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். மலிவான டப்பா ஒன்றை வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்தேன். நூறில் பதினேழு குண்டுகளின் பின்விளிம்பு நசுங்கியிருந்தது. சிலவற்றில் அச்சின் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மெல்லிய பின்விளிம்புதான் காற்றின் அழுத்தத்தில் விரிந்து குழலின் வரிகளைப் பிடிக்க வேண்டும். அது கோணினால் குண்டு வாயிலிருந்து வெளியேறும்போதே சாய்ந்துவிடும். செக் நாட்டின் ஜே.எஸ்.பி., ஜெர்மனியின் எச் அண்ட் என், ஆர்.டபிள்யூ.எஸ். ஆகியவற்றின் குண்டுகள் விலை அதிகம், ஆனால் ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குண்டு பிடிக்கும், ஏன் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் நான்கு வகைகளை வாங்கி, மணல் மூட்டை மேல் ரைபிளைச் சாய்த்து, பதினைந்து மீட்டரில் ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டுகள் சுட்டேன். அதே ரைபிள், அதே கை, அதே மாலை; ஒரு வகையில் துளைகள் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைவிட அகலமாகச் சிதறின, 8.4 கிரெய்ன் உருண்டைத்தலைக் குண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே துளையாகக் கிழிந்தன. முனை கூரான வகைகளும் பள்ளமான வகைகளும் விளம்பரத்தில் கவர்ச்சியாக இருக்கின்றன. இந்தத் தூரத்தில் உருண்டைத்தலையே போதும்.

ஸ்கோப்பில் அதிகப் பணம் போட வேண்டியதில்லை. நான்கு மடங்கு பெரிதாக்கும் எளிய ஸ்கோப் இந்தத் தூரத்துக்குப் போதும். இரண்டை மட்டும் கவனிக்க வேண்டும். ஒன்று, அது ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பிஸ்டன் முன்னும் பின்னும் இரு திசைகளில் உதைப்பதால், பெரிய துப்பாக்கிக்கான நல்ல ஸ்கோப்பே கூட உள்ளே உடைந்துபோகும். மற்றது, அண்மைத் தூரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். நூறு கெஜத்துக்கென்று அமைக்கப்பட்டது பன்னிரண்டு மீட்டரில் மங்கும், கண்ணை இம்மி நகர்த்தினாலும் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரும்.

ஸ்கோப் குழலுக்கு மேலே நாலு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்தால் அருகில் இருக்கும் இலக்கே தவறும். குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாக வைத்து, பதினைந்து மீட்டரில் குறி சரியாக விழும்படி அமைத்தால், இருபது மீட்டரிலும் ஏறத்தாழ அதே இடத்தில் விழும். பத்து மீட்டரில் அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கீழே விழும். ஐந்து மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் கீழே விழும். கிட்டத்தில் வந்து நிற்கும் எலியைத்தான் எளிதாக அடிக்கலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்த இரண்டு சென்டிமீட்டர் தலைக்கும் தாடைக்கும் உள்ள வித்தியாசம். இந்த எண்களை என் தாளில் சுட்டுச் சரிபார்த்து, ஒரு சிறு அட்டையில் எழுதி, பின்கட்டையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பதைக் கற்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. விசை விடுபட்டு, பிஸ்டன் ஓடி முடிந்து, ரைபிள் ஒரு முறை குலுங்கிய பிறகுதான் குண்டு குழலை விட்டு வெளியேறுகிறது. இறுக்கிப் பிடித்தால் அந்தக் குலுங்கல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகத் திரும்பும். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் ரைபிளை ஒரு குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்து, அது தன் விருப்பப்படி அசைய விட வேண்டும். மணல் மூட்டை மேல் சாய்த்தாலும் கட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் கை இருக்க வேண்டும். இதைச் செய்த நாளன்று துளைகளின் சிதறல் கண்ணெதிரே பாதியாகக் குறைந்தது. ரைபிளில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.

சுடும் இடத்தை நாமே அமைத்துக்கொள்வது நல்லது. கிணற்றடி மண்மேட்டுக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைத்து, அதன் மேல் கொஞ்சம் தேங்காய்ப் பத்தையும் குருணையும் வைத்து, ஒரு வாரம் சுடாமலே பழக்கினேன். பெருச்சாளி இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கே வந்து தின்னப் பழகியது. சிவப்பு விளக்கொளியில் அது மிரளுவதில்லை. தின்னும்போது நாலைந்து நொடி தலை அசையாமல் நிற்கும். கண்ணுக்கும் காதுக்கும் இடையில் உள்ள இடம்தான் குறி, வேறு எங்கும் சுடக் கூடாது. பின்னால் இருப்பது தளர்ந்த மண் என்பதால் குண்டு அங்கேயே புதைந்துவிடும். செங்கல் சுவர், கருங்கல், காய்ந்த தென்னை மரம் இவை குண்டைத் திருப்பி அனுப்பக்கூடியவை. தென்னை உச்சியில் இளநீரைத் துளைக்கும் எலிக்கு இந்தக் கருவி உதவாது, மேல்நோக்கிச் சுட்ட குண்டு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில், நாற்பது சென்டிமீட்டர் அகலத் தகரப் பட்டையை மரத்தைச் சுற்றி அடிப்பதே வழி. எலியின் கால் நகம் தகரத்தில் நிற்காது.

சுட்ட பெருச்சாளியைக் கையுறை இல்லாமல் தொடுவதில்லை, எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரில் இருந்து வருவது. உடலைக் கூகையோ நாயோ எடுக்க முடியாதபடி முழங்கால் ஆழத்தில் புதைக்கிறேன், உள்ளே ஈயம் இருக்கிறது. குண்டுகளைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காருவதில்லை. ரைபிள் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. சாவி வேறு அறையில் இருக்கிறது. சுடும் நாளில் சித்தப்பாவுக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவேன்.

என்னிடம் பழைய இருபத்தைந்து பைசா நாணயம் ஒன்று இருக்கிறது. 2011இல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதன் விட்டம் 19 மி.மீ., பெருச்சாளியின் தலையில் நான் குறி வைக்கும் இடமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒவ்வொரு முறை இரவில் உட்காரும் முன்பும், மாலை வெளிச்சத்தில் அந்த நாணயத்தைத் தாளில் வைத்து வட்டம் வரைந்து, தேதியை எழுதி, மண்மேட்டில் குத்தி, பதினான்கு மீட்டரில் ஐந்து குண்டுகள் சுடுகிறேன். ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தால் மட்டுமே அன்று இரவு சுடுவேன். போன வெள்ளிக்கிழமை நான்கு உள்ளே விழுந்தன. ஐந்தாவது கோட்டைத் தொட்டுக்கொண்டு வெளியே நின்றது. ஸ்கோப்பின் பின்திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தது பிறகு தெரிந்தது. அன்று இரவு ரைபிளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கிணற்றடி வளையில் கிட்டியை வைத்துவிட்டு வந்தேன்.